பயிற்சிக்கு வந்த அருணா மேடம்

“இன்னிக்கு ஒரு நாள் உன் பேரு அருணா. எகனாமிக்ஸ் புரொபசர். யாராவது அருணான்னு கூப்பிட்டா ஜல்தி திரும்பிப் பாக்கணும், புரியுதா?”

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கல்லூரி ஆபீஸ் மேனேஜர் சுப்பராயலு மறுபடியும் சொன்னார். இசைவாணி மறுபடியும் தலையாட்டினாள். அதே கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்குத் தூசி தட்டும் தற்காலிக வேலை அவளுக்கு. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள்.

“நெஜ அருணா மேடம் எங்க சார்?”

“தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்னு போயிட்டாங்க. திண்டிவனத்துல நம்ம யுனிவர்சிட்டி காலேஜுங்க எல்லாத்துக்கும் சேத்து ட்ரெயினிங். ஆராய்ச்சிக்கு எப்படி நிதி கேக்கறதுன்னு சொல்லித் தருவாங்க. இங்கேர்ந்து ஆள் போவலன்னா இந்த வருசம் நமக்கு நிதியே கெடையாது. நீ வாயத் தொறக்காம உக்காந்துட்டு வந்துடு. உன் வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே பேசறேன்.”

“மாட்டிக்கினா?”

“மாட்டிக்கினா வேலையும் கெடையாது, நீ யாருன்னும் எனக்குத் தெரியாது” என்று பாசத்தோடு சொல்லி பஸ் ஏற்றிவிட்டார்.

வாயைத் திறக்காமல் இருப்பது இசைவாணிக்குக் கைவந்த கலை. அவள் பள்ளியை விட்டதே அதனால்தான். வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் கால் நடுங்கும். ஒரு நாள் நடுங்கிய கால் அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டது, திரும்பிப் போகவில்லை. அப்படிப்பட்டவளைத்தான் புரொபசர் ஆக்கியிருந்தார்கள். கட்டியிருந்த காட்டன் புடவை மட்டும், கஞ்சி போட்ட புண்ணியத்தில், பி.எச்.டி. முடித்ததுபோல் விறைப்பாக இருந்தது.

திண்டிவனத்தில் அரங்கு வாசலிலேயே பயிற்சியாளர் நின்றிருந்தார். கோட்டு போட்டிருந்தார். முனைவர் கோகுலகிருஷ்ணன் என்று மேலே பேனரில் பெயர். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரை ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு ஏதோ சொல்லிவிட்டு வந்தார்கள். ‘ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சந்தேகம் கேக்கறாங்களே’ என்று இசைவாணி மலைத்துப் போனாள். அவளுக்குச் சந்தேகம் வருகிற அளவுக்குக்கூட விஷயம் தெரியாது. ‘அருணா’ என்ற பெயர்ச்சீட்டைக் குத்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

“நான் பாடம் நடத்த வரலீங்க. உங்ககிட்டேர்ந்து கத்துக்கத்தான் வந்திருக்கேன்” என்று அவர் தொடங்கினார். நிறையப் படித்தவர்களுக்குத்தான் இந்தப் பணிவு வரும் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஆராய்ச்சின்றது லாங் ட்ரிப் மாதிரி. கெளம்பறதுக்கு முன்னாடியே டேங்க் ஃபுல்லா இருக்கணும். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான்னு அவசரப்படக் கூடாது.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இசைவாணி அடிக்கோடும் போட்டாள்.

பிறகு அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். “ஆராய்ச்சிக்கு ஆளுக்கொரு தலைப்பு பேசிக்கினு இருங்க. யாரையாவது எழுப்பிக் கேப்பேன்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

“நீங்க சொல்லுங்க மேடம்” என்றாள் இசைவாணி, பக்கத்தில் இருந்த செண்பகத்திடம். காணை ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தவள்.

“ஐயோ, நீங்க சொன்னாத்தான் மேடம் சரியா இருக்கும்.”

“உங்க சப்ஜெக்ட் இன்னாங்க?”

“ஹிஸ்டரின்னு வச்சுக்குங்களேன்.”

எதிரே இருந்த மீசைக்காரர் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேச மாட்டார்கள் போலும்.

பயிற்சியாளர் திரும்பி வந்தார். “அருணா மேடம், நீங்க சொல்லுங்க.”

இசைவாணி ஜல்தியாகத் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால். அங்கே சுவர்தான் இருந்தது. மைக் மூக்குக்கு நேரே வந்துவிட்டது. எழுந்தாள். கால் பழைய பழக்கத்தை மறக்கவில்லை. பொய் சொல்ல எகனாமிக்ஸ் தெரிய வேண்டும். தெரியாததால் உண்மையைச் சொன்னாள்.

“பொம்பளப் புள்ளைங்க பத்தாவதோட ஏன் நின்னுடறாங்கன்னு பாக்கலாங்க. கல்யாணம், கஷ்டம்னுதான் எல்லாரும் எழுதறாங்க. சில பேரு வெறும் கூச்சத்தாலயே நின்னுடறாங்க. அத யாரும் போயி கேக்கறதில்ல. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க, கூச்சந்தான்.”

அரங்கு கைதட்டியது. பயிற்சியாளர் மட்டும் கைதட்டாமல் அவளையே உற்றுப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரத்தில், “மேடம், கொஞ்சம் தனியா வாங்க” என்று கை கழுவும் பக்கம் கூப்பிட்டார்.

முடிந்தது. நிரந்தர வேலை போகட்டும், தூசி தட்டுகிற வேலையும் போச்சு. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

“சார், நான் ஒரு உண்மைய சொல்லிடறேங்க...”

“மொதல்ல நான் சொல்லிடறேன் மேடம்.” அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். “நான் கோகுலகிருஷ்ணன் சாரு இல்லீங்க. அவரு டிரைவரு. சாருக்கு வேற ஊர்ல மீட்டிங். வண்டியில அவரு போன்ல பேசறதக் கேட்டுக்கினே இருந்ததுல காலையில சமாளிச்சிட்டேன். இதுக்கு மேல பேஜாரு, சரக்கு இல்ல. மதிய கிளாஸ நீங்கதான் எடுக்கணும்.”

“நானா? வேற யாராவது பெரியவங்கள...”

“யாரு மேடம் இருக்காங்க? செண்பகம் ஹாஸ்டல் சமையலு, அந்த மீசைக்காரரு வாட்ச்மேனு. மத்தவங்களும் அப்பிடித்தான். ‘ஆளுக்குப் பதிலா வந்திருக்கோம், தயவுசெஞ்சு கேள்வி கேட்டுடாதீங்க’ன்னு ஒவ்வொருத்தரா வந்து காதுல சொல்லிட்டாங்க. வந்து சொல்லாதது நீங்க ஒருத்தர்தான் மேடம். அதான் இந்த ஹாலுல நெஜமான புரொபசர் நீங்கன்னு கண்டுபுடிச்சேன்.”