அச்சு அசல்

“என் காரை யார் தொட்டது?”

கண்காட்சிக்குப் புறப்படும் அவசரத்தில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தவன் கத்தினான். தன் சொந்தக் காரைப் பார்த்துப் பார்த்து, உள்ளங்கை அளவில் அவனே செய்த மாதிரிக் கார் அது. இடது முன்விளக்கு நொறுங்கி, பானெட் ஓரம் நசுங்கியிருந்தது.

“நான்தான். குறடால நசுக்கினேன்” என்றாள் மனைவி.

“பைத்தியமா உனக்கு? நடுவருங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

“நிஜக் கார்ல இருக்கிற கீறல்கூட இதுல இருக்கணும்னு பெருமையடிப்பீங்களே. அதான் சரி பண்ணேன்.”

“அதுல எங்கே இருக்கு இதெல்லாம்?”

“பேட்டரி போச்சுன்னு உறை போட்டு மூடியிருக்கீங்களே, நேத்து அந்த உறையைத் தூக்கிப் பார்த்தேன்.”

அவன் பெட்டியை மூடப் பார்த்தான். மூடி பொருந்தவில்லை.

“பேப்பர்காரரை யாரோ இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிட்டான்னு தெருவே திட்டுச்சு. நீங்களும்தானே சேர்ந்து திட்டினீங்க, ‘படுபாவி’ன்னு?”

அவன் காலடித் தரையைப் பார்த்தபடி, “கண்காட்சிக்கு நேரமாச்சு” என்று முனகினான்.

“இதை இங்கேயே வச்சுட்டு, பெரிய கார் சாவியை எடுங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூட வரேன்.”