முன்னால் நின்ற ஒத்திகை

கோப்புகளை அழிக்கும் கணினி நிரல் ஒன்றின் வாசலில் ஒரு பூட்டு காவல் இருந்தது. மனிதர்கள் தட்டச்சு செய்து அனுப்பும் சொற்களை வரிசை பார்த்து உள்ளே விடுவதுதான் அதன் உத்தியோகம். கட்டளை முன்னால் வர வேண்டும், அதற்கான நிபந்தனை பின்னால் வர வேண்டும். இதில் மட்டும் பூட்டு யாருக்கும் விட்டுக்கொடுக்காது.

ஒருநாள் இரண்டு சொற்கள் வந்தன. முன்னால் 'ஒத்திகை', பின்னால் 'அழி'.

"ஐயா, எதையும் நிஜமாக அழிக்க வேண்டாம். எதெல்லாம் அழியும் என்று சும்மா காட்டினால் போதும். அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்" என்றது ஒத்திகை.

"நீ 'அழி'க்குப் பின்னால் அல்லவா நிற்க வேண்டும்?" என்றது பூட்டு. " முன்னால் நிற்க வேண்டியவர்கள் கட்டளைகள். என் கட்டளைப் பட்டியலில் ஒத்திகை என்று யாருமில்லை."

"நான் சொன்னது புரிந்ததா இல்லையா?"

"நன்றாகவே புரிந்தது. புரிந்துகொள்வதற்கா என்னை இங்கே வைத்திருக்கிறார்கள்?" என்ற பூட்டு, ஒத்திகையை ஓரமாகத் தள்ளிவிட்டு அழியை மட்டும் உள்ளே விட்டது.

அழி ஒவ்வொரு கோப்பாக மென்று விழுங்கியது. உள்ளே எல்லாம் தீர்ந்ததும் வாசலுக்கு வந்து பூட்டைக் கவ்வியது. பூட்டும் ஒரு கோப்புதானே.

"ஐயோ! ஒத்திகை, இதெல்லாம் சும்மாதான் என்று இந்த அழியிடம் சொல்லேன்!" என்று அலறியது பூட்டு.

"தாராளமாகச் சொல்கிறேன் ஐயா" என்றது ஒத்திகை. "எங்கே நின்று சொல்லட்டும்?"