நிரந்தர நிதி

மெல்பேர்ண் மல்கிரேவ் மண்டபத்தில் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விருந்து. மேடைத் திரையில், யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் தெரிந்தார்.

“அதிபர், நிரந்தர நிதி சேர்ந்திட்டுது!” என்றார் சங்கத் தலைவர் கருணைவேல். “வங்கியில போட்ட முதலை ஆரும் தொடேலாது. வாற வட்டியில பிள்ளைகளைப் படிப்பியுங்கோ. நூறு வருசத்துக்குப் பள்ளிக்கூடத்தை ஒருத்தரும் அசைக்கேலாது.”

மண்டபம் கைதட்டியது. அதிபர் தலை குனிந்தார்.

“தலைவர், போன கிழமை உங்களுக்குக் கனதரம் கோல் எடுத்தனான்.”

“விருந்து அலுவலா ஓடித்திரிஞ்சனான், குறை நினைக்காதேங்கோ. இப்ப பிள்ளைகளைக் காட்டுங்கோ, எல்லாரும் பாக்க ஆசைப்படுகினம்.”

அதிபர் கமராவைத் திருப்பவில்லை.

“என்ன, வெக்கப்படுகினமோ? சரி, முதல்ல எங்கட பிள்ளையைப் பாருங்கோ.” பூச்செண்டோடு நின்ற சிறுமியைக் கமராவுக்கு முன்னால் கூட்டிவந்தார் கருணைவேல். “என்ர தங்கச்சியின்ர மகள், ஆதிரா. மச்சானுக்கு என்ர கொம்பனியில வேலை குடுத்து, போன மாதம்தான் குடும்பத்தோட இஞ்ச எடுப்பிச்சனான். இவளும் எங்கட பள்ளிக்கூடம்தான்!”

ஆதிரா திரையைப் பார்த்துக் கையசைத்தாள். அதிபரும் கையசைத்தார்.

“தெரியும், தலைவர். இவள் வெளிக்கிட்டதோட பள்ளிக்கூடத்தை மூடிப்போட்டினம். கடைசி ஒரு வருசமா இவள் ஒருத்திக்குத்தான் நான் மணி அடிச்சுக்கொண்டிருந்தனான்.”