காபி எங்கடி?

"ஹேமா! காபி எங்கடி? எவ்வளவு நேரம்?"

விடிந்தும் விடியாததுமாகக் கலைவாணனின் குரல் கருவடிக்குப்பத்துத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றுதான் பேர். ஓய்வு அவருக்குத்தான், குரலுக்கு இல்லை.

அடுத்த வீட்டு சக்கரபாணி வாசலில் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டே எதிர்வீட்டு நாராயணசாமியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாவம்பா அந்தப் பொண்ணு. காலை ஷிப்டுக்கு சேதராப்பட்டு பஸ்ஸைப் பிடிக்கணும். அதுக்குள்ள இந்த மகாராஜாவுக்குக் காபி வேற!"

சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரலும் கேட்டது.

"சந்திரகலா! என் காபி எங்க?"

ஊர் நியாயம் பேசுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான்.

கலைவாணனின் மனைவி ஹேமலதாவுக்கு அந்த வாரம் பிரெஞ்சு கான்சுலேட்டில் இன்டர்வியூ. குடியுரிமைக்கு. கலைவாணனுக்குப் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. மகள் கவிநிலாவுக்கும் உண்டு. அவள் லியோனில் படிக்கிறாள். மகளைப் பார்க்கப் போனால் ஏர்போர்ட்டில் இவருக்கு ஒரு வரிசை, ஹேமலதாவுக்கு வேறு வரிசை. அப்பாவும் மகளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டுவார்கள். இந்தப் பக்கம் இவள் ஒருத்தி மட்டும், யாரோ மாதிரி. அவர்களோடு ஒரே வரிசையில் நிற்கத்தான் இத்தனை பாடும்.

சாயங்காலமானால் கலைவாணன் அவளுக்குப் பயிற்சி கொடுப்பார்.

"பிரெஞ்சுப் புரட்சி எந்த வருஷம்?"

டக்கென்று சொன்னாள்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாழறோமான்னு பாக்க, வீட்டு விஷயமும் கேப்பாங்க. காலைல காபி போடறது யாரு?"

ஹேமலதா உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான்," என்றாள்.

"சிரிக்காமச் சொல்லு!"

"நான்தாங்க. ஆனா எகாலித்தேன்னா சமத்துவம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"அது பாரீசுல. இது கருவடிக்குப்பம்."

இன்டர்வியூ அன்று அதிகாரி ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. தேவைப்பட்டால் தமிழை மொழிபெயர்த்துச் சொல்ல, அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரை ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். பார்த்தால், அடுத்த வீட்டு சக்கரபாணி! அவருக்கு அங்கே வேலை என்று தெரியும், இந்த அறையிலேயே வந்து உட்காருவார் என்று யார் கண்டது?

கலைவாணனுக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

இருவரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டார் அந்த அம்மா. ஹேமலதா பிரெஞ்சில் பொளந்து கட்டினாள். காபி கேள்வியும் வந்தது. "நான்," என்றாள் அவள். "அவள்," என்றார் அவர். எல்லாம் பொருந்தியது.

பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். அந்த அம்மா பேனாவை மூடப்போகிற நேரம்.

"இந்த ஊர் ஃபில்டர் காபி எனக்கு ரொம்பப் பிடிக்கும், மதாம். எப்படிப் போடுவீர்கள்?"

புரட்சியெல்லாம் தெரிந்த ஹேமலதா திருதிருவென விழித்தாள்.

"தண்ணீரில்... தூளைப் போட்டு... நன்றாகக் கொதிக்க வைத்து... வடிகட்டி..."

"ஐயோ ஹேமா, அது டீ!" கலைவாணன் வாய் தவறித் தமிழில் கத்திவிட்டார்.

அந்த அம்மா திரும்பினார். சக்கரபாணி மிகுந்த மரியாதையோடு அதைப் பிரெஞ்சில் சொன்னார்.

மூடிய பேனா மறுபடி திறந்தது.

"மதாம், தினமும் நீங்கள் போடும் காபியை உங்களுக்கே போடத் தெரியவில்லை. நிஜமாகவே நீங்கள் இவரோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்களா?"

ஹேமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணாடித் தடுப்பு திரும்பவும் குறுக்கே வந்து நின்றது.

கலைவாணன் அவளைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த சக்கரபாணியைப் பார்த்தார். நாளைக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று விறைப்பாக எழுந்து நின்றார்.

"காபி போடறது நான். கல்யாணமான நாள்ல இருந்து, நான் வீட்ல இருக்கிற நாளெல்லாம் நான்தான். அவளை ஃபில்டரைத் தொடவே விட்டதில்ல. சூடா ஒரு டம்ளர் குடிக்க வெச்சு பஸ் ஏத்தி விட்டாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுதே விடியும்."

சக்கரபாணி இதை மொழிபெயர்க்க மறந்து வாயைப் பிளந்தார்.

"அப்ப தினமும் 'காபி எங்கடி'ன்னு தெருவே அதிரக் கத்துறியேப்பா?"

"அது உங்களுக்காகண்ணே! கத்திக்கிட்டேதான் ஆத்துவேன். இல்லன்னா தெருவுல மதிப்பீங்களா?"

சக்கரபாணி ஒருவழியாக மொழிபெயர்த்து விஷயம் புரிந்ததும் அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நீங்கள் ஒன்றாகத்தான் வாழ்கிறீர்கள். அப்படியே எழுதி அனுப்புகிறேன். மிசியே, கொஞ்சம் மெதுவாகக் கத்துங்கள்."

ஹேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் வந்த கலைவாணன் வாசலில் சக்கரபாணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க கால்ல விழறேன். தெருவுல மட்டும் சொல்லிடாதீங்க."

சக்கரபாணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எப்படிப்பா சொல்லுவேன்? 'சந்திரகலா, என் காபி எங்க'ன்னு தினமும் கத்துறேனே, அப்ப என் கையில இருக்கறதும் பால் பாத்திரம்தான்!"