பஸ் ஸ்டாப் சிரிப்பு

"மத்ததை என்ன வேணா பண்ணிக்கோ தம்பி. அந்த பஸ் ஸ்டாப் சீனை மட்டும் வெட்டிடாதே."

பர்மிங்ஹாமிலிருந்து காலை ரயிலைப் பிடித்து லண்டனுக்கு வந்திருந்தாள் மார்வா பின்னாக். அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. எதிரே உட்கார்ந்திருந்த கேரத்துக்கு அதில் பாதி வயதுதான் இருக்கும். பழைய நகைச்சுவைத் தொடர்களை மறுபடி ஒளிபரப்பும் சேனலில், எதைக் காட்டலாம், எதை வெட்டலாம் என்று முடிவு செய்வது அவன் வேலை.

"மேடம், நீங்க எந்த சீனைச் சொல்றீங்கன்னு..."

"'மூலைவீட்டு மாரிஸ்'. மாரிஸ் மூஞ்சி பூரா ஷூ பாலிஷைப் பூசிக்கிட்டு, பஸ் ஸ்டாப்புல நின்னு எங்க ஜமைக்கா ஆளுங்க மாதிரி உளறுவானே, அது."

"அதை... நீங்க..."

"முழுசாச் சொல்லிடு. கறுப்பா இருந்துக்கிட்டு நீயே வந்து இதைக் கேக்குறியேன்னுதானே?"

கேரத்தின் காது சிவந்தது.

"அப்படி இல்ல மேடம். வெட்டினா, சரித்திரத்தை அழிக்கிறியான்னு திட்டுறாங்க. விட்டா, வெட்கமா இல்லையான்னு திட்டுறாங்க. முன்னாடி ஒரு எச்சரிக்கை போட்டா ரெண்டு கட்சியும் சேர்ந்து திட்டுது. இந்த ஆபீஸ்ல எல்லாரும் ஒத்துப்போன ஒரே சீன் அதுதான். உங்களை மாதிரி இருக்கறவங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் வெட்டறோம்."

"என் மனசுக்காகவா? ரொம்ப லேட் தம்பி. அந்த சீன் வந்த மறுநாள், மாரிஸ் மாதிரியே பேசிக்கிட்டு ஒரு கும்பல் ஸ்கூல்லேர்ந்து வீடு வரைக்கும் என் பின்னாடியே வந்துச்சு. கண்றாவி. அது ஒழிஞ்சா எனக்கு நிம்மதி."

"அப்புறம் ஏன்..."

"அதுல ஒரு சிரிப்பு வருமே, கவனிச்சிருக்கியா? எல்லாரும் சிரிச்சு ஓஞ்சப்புறம் தனியா ஒருத்தி. மேல மேல ஏறிப்போய், கடைசில விக்கல் மாதிரி நிக்கும்."

"ஆமா! அதைக் கேட்டா எனக்கே சிரிப்பு..." சட்டென்று வாயை மூடிக்கொண்டான் கேரத்.

"எங்க அம்மா அது. ஐசில்டா. பிஸ்கட் ஃபேக்டரியில வேலை. எல்லாரையும் பஸ் வெச்சு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, முன்னாடி உக்கார்ந்து பார்த்துச் சிரிக்கறதுக்கு. போன மாசம் போயிட்டா."

கேரத் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வேற எதுலயும் அவங்க குரல் இல்லையா மேடம்? ஃபோன்ல ஏதாவது? உங்க கல்யாண வீடியோ?"

"கல்யாணத்துக்கு அவ வரல."

"பேரப்பிள்ளைங்க பிறந்தநாள்..."

"இல்லன்னா இல்ல, விடு. இந்த உலகத்துல எங்கம்மா வாயிலேர்ந்து வந்த சத்தம் இது ஒண்ணுதான் மிச்சம். அதுவும் அந்த அசிங்கத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு. நான் என்ன பண்ணுவேன் சொல்லு?"

மேஜைமேல் அவளுடைய டீ ஆடை கட்டிப்போயிருந்தது. வெட்டிய சீனை வெளியாளுக்குத் தரக்கூடாது என்பது சட்டப் பிரிவின் உத்தரவு. கேரத் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தான். முகம் மலர்ந்தது.

"இருங்க மேடம். அந்தக் காலத்துல நடிக்கிறவங்க பேச்சு ஒரு டேப்புல இருக்கும், ஸ்டூடியோவுல உக்கார்ந்திருந்தவங்க சிரிப்பு இன்னொரு டேப்புல இருக்கும். சீனை வெட்டினா என்ன? உங்கம்மா சிரிப்பை மட்டும் தனியா எடுத்துத் தந்துடறேன். அதை யாரும் தடுக்க முடியாது."

மார்வா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாரிஸ் இல்லாம, அம்மா மட்டுமா?"

"அம்மா மட்டும்."

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி, கீழே டேப் கிடங்குக்கு ஓடினான். மார்வா கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். சுவரில் வரிசையாகப் பழைய காமெடி நடிகர்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவன் உட்காரவில்லை.

"கிடைச்சுதா?"

"டேப் கிடைச்சுது மேடம்."

"அழிஞ்சு போச்சா?"

"அதெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ் ஸ்டாப் சீனுக்கு அதுல சிரிப்புச் சத்தமே இல்ல. அதை அப்புறமா ஒருநாள் தெருவுல எடுத்துச் சேர்த்திருக்காங்க. ஸ்டூடியோவுக்கு வந்த யாருக்கும் அதைக் காட்டவே இல்ல. அந்தச் சிரிப்பு வேற ஏதோ தொடர்லேர்ந்து வெட்டி ஒட்டினது. யாரோ ஒருத்தி. மன்னிச்சுக்கங்க, அது உங்கம்மா இல்ல."

மார்வாவின் மடியிலிருந்த கோட் நழுவித் தரையில் விழுந்தது. கேரத் அதை எடுத்து நாற்காலியில் போட்டான்.

"மேடம், மத்த சீனுக்கெல்லாம் அவங்க நிஜமாவே சிரிச்சிருப்பாங்க இல்லையா? கூட்டத்தோட கூட்டமா அந்த டேப்புல இருப்பாங்க. கீழ வாங்க, போட்டுக் காட்டறேன். கேட்டா அடையாளம் சொல்லிட மாட்டீங்க?"

"'அப்படி ஒரு சீனை எங்களுக்குக் காட்டவே இல்லடி'ன்னு அம்மா என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினா தம்பி. 'உன் சிரிப்பை டிவியில ஊரே கேட்டுச்சே, பொய் சொல்றியா'ன்னு கத்திட்டு பதினாறு வயசுல வீட்டை விட்டுப் போனவ நான்; அதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் கேட்டதே இல்ல."