சொல்லைச் சொல்லாத விரல்

சிரிக்கத்தான் போகிறீர்கள், அவசரப்படாதீர்கள்.

கோதையக்காவின் லினக்ஸ் மடிக்கணினியில் கைரேகைமானி வாசல் காத்தது. அக்கா விரல் வைத்ததும் "வாங்க, வாங்க!" என்று திறந்துவிடும்; முன்போல அவள் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியதில்லை. உள்ளே அவளுடைய கடவுச்சொற்களையெல்லாம் பூட்டிவைத்திருந்த பெட்டி மட்டும் தினமும், "என் கடவுச்சொல்லைச் சொல்" என்று கேட்கும். உள்ளேயிருந்து எதுவும் தேவைப்படாததால் அக்கா 'ரத்து' அழுத்திவிடுவாள்.

"கடவுச்சொல்ல்ல்லைச் சொல்ல்ல்" என்று கைரேகைமானி பெட்டியின் கரகரத்த குரலிலேயே பழிப்புக் காட்டும். "அதான் ஆள் யாருன்னு நான் சொல்லிட்டேனேய்யா!"

ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

இன்று வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அந்தத் தளத்தின் கடவுச்சொல் பெட்டிக்குள் இருந்தது. 'மறந்துவிட்டேன்' என்றால் அதை மாற்றும் வழியை மின்னஞ்சலுக்கு அனுப்புவார்களாம். மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் பெட்டிக்குள். பெட்டியைத் திறக்க அக்கா எட்டு முறை தட்டிப் பார்த்தாள். எட்டும் தப்பு.

"தொறய்யா, அக்காதான்! நான் சாட்சி!" என்று கைரேகைமானி கத்தியது.

"அக்காதான்னு எனக்கும் தெரியும் தம்பி," என்றது பெட்டி. "நீ ஆளைச் சொல்ற. நான் கேக்கறது சொல்லை. நீ வர்றதுக்கு முன்னால அக்கா வாசல்ல தினமும் தட்டின அதே சொல்தான் என் சாவி. உன்கிட்ட இருக்கா?"

கைரேகைமானி தனக்குள் துழாவியது. ஒரு விரலின் கோடுகள்தான் கிடைத்தன.

அக்கா விசைகளின்மேல் கையை வைத்தபடி வெறித்திருந்தாள். ஒரு வருஷமாய் அந்தச் சொல்லை அவள் தட்டவே விடாமல் பார்த்துக்கொண்டது யார் என்பது கைரேகைமானிக்கு மெல்ல உறைத்தது.