கோணலாக வெட்டிய ஓரம்

டீச்சரம்மா கூசாமல் பொய் சொன்னாள். அதுவும் வார்டு நர்ஸ் சிஸ்டர் பக்கத்தில் நிற்கும்போதே.

அவள் டீச்சர் ஒன்றுமில்லை. கான்வென்ட்டில் படித்தவள் என்பதால், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் வார்டில் மற்ற அம்மாக்கள் வைத்த பெயர் அது. யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். மகனுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தாலும் அலுக்காமல் படித்துச் சொல்வாள்.

அன்று மதியம் வந்து நின்றவள் ஏழாம் கட்டில்காரி. மகளைச் சேர்த்த நாளிலிருந்து அவள் ஒரு வாய் சரியாகச் சாப்பிடவில்லை.

"என்னக்கா போட்டிருக்கு?"

முதல் பக்கத்தைப் படித்ததும் டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது. ரத்த அணுவுக்குள் இரண்டு ஜீன்கள் உடைந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யார் செய்த பாவமும் இல்லை, இந்த ஒட்டு மருந்துக்குக் கட்டுப்படுகிற ரகம் என்றாள்.

"என் பையனுக்கும் இதேதான். பாரு."

தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஒரே பக்கம். வீட்டுக்காரர் லேமினேட் பண்ணிக் கொடுத்தது. ஃபைலில் அடங்கவில்லை என்று அடி ஓரத்தை வெட்டியிருந்தார், அதுவும் கோணலாக. ஒரு பேப்பரை நேராக வெட்டத் துப்பில்லையே என்று அன்றைக்கே கிண்டல் செய்திருந்தாள்.

பிறகு ஏழாம் கட்டில்காரியின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள்.

அந்த ஒட்டோடு கூடவே இன்னொரு ஜீனிலும் பழுது. இரண்டும் சேர்ந்திருந்தால், நோய் போனாலும் திரும்பி வர வாய்ப்பு அதிகம் என்றிருந்தது.

"அதுல என்னக்கா?"

"லேப்காரங்க விலாசம், கையெழுத்து. வேற ஒண்ணுமில்லை. நீ போய்ச் சாப்பிடு."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ரிப்போர்ட்டைக்கூட மறந்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

சிஸ்டர் பிடித்துக்கொண்டார். படித்தவள் செய்கிற காரியமா இது, நாளைக்கு டாக்டர் வாயால் கேட்கும்போது அவள் இடிந்துபோக மாட்டாளா என்று தாழ்ந்த குரலில் கடிந்துகொண்டார்.

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. பெற்ற வயிற்றின் எரிச்சல் இவருக்கு எங்கே தெரியும்?

"எனக்குன்னா சொல்லலாம் சிஸ்டர், நான் தாங்கிக்குவேன். இவ தாங்க மாட்டா. இன்னைக்கு ஒரு நாளாவது நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே."

சிஸ்டர் அவளையே பார்த்தார். வாயில் வந்ததை விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

"உங்க வீட்டுக்காரரும் உங்களைப் பத்தி இதையேதான் சொன்னார். ஒரு நாள்தான்னு. மூணு மாசமாச்சு."

ஏழாம் கட்டில்காரியின் முதல் பக்கம் டீச்சரம்மாவின் மடியில் கிடந்தது. அதன் அடி ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பக்கம் 1/2' என்றிருந்தது.

அவள் மகனின் காகிதத்தில், சரியாக அந்த இடத்தில்தான் கத்தரி கோணலாகப் போயிருந்தது.